ஒபோனுக்கு ஊருக்கு வாங்க என்று ஜப்பானிய நண்பர் கூப்பிட்டால்

ஜப்பானில் யாரும் உங்களை அவ்வளவு சுலபமாக வீட்டுக்குக் கூப்பிட்டுவிட மாட்டார்கள். காபிக் கடையில் மணிக்கணக்கில் பேசுவார்கள், சபையின் கிறிஸ்துமஸ் விழாவுக்கு வந்து கேக் சாப்பிடுவார்கள், மழையில் நனைந்தால் குடையைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். வீடு எந்தத் தெருவில் இருக்கிறது என்பது மட்டும் தெரியாது. அப்படிப்பட்ட ஒருவர் ஜூன் மாதம் ஒருநாள், “ஒபோனுக்கு ஊருக்குப் போறேன், நீங்களும் வர்றீங்களா? அம்மா அப்பாகிட்ட சொல்லியிருக்கேன்” என்கிறார். ஒபோன் என்றால் முன்னோரை நினைவுகூரக் குடும்பங்கள் ஊரில் கூடும் கோடைகால நாட்கள். மிஷனரியாக வந்து முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் இருப்பவர்களுக்கு இந்த இடத்தில்தான் தடுமாற்றம். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

அழைப்பு வந்த அன்றே, ஆதரவாளர்களுக்கு எழுதும் ஜெபக்கடிதத்தில் “ஒரு கிராமத்துக்குக் கதவு திறந்திருக்கிறது” என்று எழுதக் கை துறுதுறுக்கும். கொஞ்சம் பொறுங்கள். திறந்திருப்பது ஒரு வீட்டுக் கதவு. திறந்தவர் உங்கள் நண்பர். நீங்கள் கிளம்பி வந்தபிறகும் அந்த வீட்டுக்கு அவர் போய்வர வேண்டும். போகும் வழி முழுக்க இதை மனதில் வைத்துக்கொண்டால் பாதிச் சிக்கல் தானாகவே தீர்ந்துவிடும்.

ஜப்பானுக்குச் சுவிசேஷம் வந்ததே இப்படி ஒரு நண்பரின் ஊர் வழியாகத்தான். முத்துக்குளித்துறையில் ஊழியம் செய்த பிரான்சிஸ் சவேரியார் 1547 டிசம்பரில் மலாக்காவில் அஞ்சிரோ என்ற ஜப்பானியரைச் சந்தித்தார். சொந்த ஊரில் ஒரு கொலை செய்துவிட்டுத் தப்பி ஓடிவந்தவர் அவர். கோவாவில் படித்து, 1548இல் ஞானஸ்நானம் பெற்றார். 1549 ஆகஸ்ட் 15 அன்று சவேரியார் போய் இறங்கிய ககோஷிமா அந்த அஞ்சிரோவின் ஊர். அஞ்சிரோவின் சொந்தக்காரர்களும் ஊர்ப் பெரியவர்களும் தங்களை அன்போடு வரவேற்றதாகச் சவேரியாரே கடிதத்தில் எழுதியிருக்கிறார். இத்தனைக்கும் கூட வந்தவர் ஊரைவிட்டு ஓடிப்போனவர்! அதே ஊரில் நடந்த ஒரு தவறையும் பின்னால் சொல்கிறேன்.

தேதியைக் கேளுங்கள்

“இந்தப் பக்கம் வந்தா வீட்டுக்கு வாங்க” என்பது பெரும்பாலும் மரியாதைப் பேச்சு. அதை நம்பிப் பெட்டி கட்ட வேண்டாம். தேதி, ரயில் நிலையம், யார் வந்து கூட்டிப்போவார்கள் என்ற மூன்றும் பேச்சில் வந்துவிட்டால் அழைப்பு உண்மையானது.

ஒபோன் என்பது இறந்த முன்னோர் வீட்டுக்குத் திரும்பி வருவதாக நம்பும் நாட்கள். நாட்டின் பெரும்பகுதியில் ஆகஸ்ட் 13 முதல் 16 வரை. டோக்கியோவின் சில பகுதிகளில் ஜூலையிலேயே முடிந்துவிடும். ஒகினாவாவில் பழைய சந்திரக் கணக்கு, தேதி ஆண்டுதோறும் மாறும். ஆகவே “ஒபோன் சமயம்” என்ற சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு விடுப்பு எழுதிக்கொடுக்காதீர்கள்.

கூடவே இன்னொன்றையும் மெதுவாக விசாரியுங்கள். கடந்த ஓராண்டுக்குள் அந்த வீட்டில் யாராவது இறந்திருக்கிறார்களா? இறந்தவருக்கு வரும் முதல் ஒபோனை ஹட்சுபோன் என்பார்கள். புத்த குரு வீட்டுக்கு வந்து சூத்திரம் ஓதுவார், உறவினர் கறுப்பு உடையில் கூடுவார்கள். முதல்முறை போகும் வெளிநாட்டு விருந்தாளிக்கு ஏற்ற நேரம் அது இல்லை. “அப்படியானால் இலையுதிர் காலத்தில் வருகிறேனே” என்று நீங்களே சொல்லிவிட்டால் நண்பருக்கும் ஒரு சங்கடம் குறையும்.

நண்பரிடம் முன்பே பேசித் தீர்க்க வேண்டியவை

டிக்கெட் வாங்குவதற்கு முன் ஒருநாள் இதற்கென்றே உட்காருங்கள். ரயிலில் பேசிக்கொள்ளலாம் என்று விட்டால் பேச்சு வராது.

முதல் கேள்வி: “நான் யார் என்று உங்கள் பெற்றோருக்குத் தெரியுமா?” நண்பர் உங்களை ஆங்கில ஆசிரியர் என்றோ, இந்தியாவிலிருந்து வந்த நண்பர் என்றோ சொல்லி வைத்திருக்கலாம். அவர் பொய் சொல்கிறார் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மிஷனரி என்பதற்கான ‘செங்க்யோஷி’ என்ற சொல்லை அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று தயங்கியிருப்பார். அந்தத் தயக்கத்துக்குக் காரணம் இருக்கிறது. 1995இல் டோக்கியோ சுரங்க ரயிலில் ஓம் ஷின்ரிக்யோ என்ற மதக் கூட்டத்தார் சாரின் விஷவாயுவை விட்டார்கள். 2022 ஜூலையில் முன்னாள் பிரதமர் ஷின்சோ அபே சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவர், தன் தாய் ஒரு மத அமைப்புக்குப் பெரும் நன்கொடை கொடுத்துக் குடும்பம் நொடிந்துபோனதைக் காரணமாகச் சொன்னார். முறையற்ற வழியில் நன்கொடை வாங்குவதைத் தடுக்க அந்த டிசம்பரிலேயே சட்டம் வந்தது. இதையெல்லாம் தொலைக்காட்சியில் பார்த்த அம்மாவுக்கு, மகன் ஒரு மதக்காரரை வீட்டுக்குக் கூட்டிவருகிறான் என்றால் வயிற்றைக் கலக்கத்தானே செய்யும்?

அவர்கள் அஞ்சும் செயலுக்கு ‘கன்யூ’ என்று பெயர், அதாவது ஆள் சேர்ப்பது. அடுக்குமாடி வாசல்களில் “கன்யூ வேண்டாம்” என்று ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். எனவே நண்பரிடம் தெளிவாகச் சொல்லுங்கள்: “நான் மிஷனரி என்று நீங்களே முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள். நான் விருந்தாளியாகத்தான் வருகிறேன், கன்யூ செய்ய மாட்டேன் என்றும் சொல்லுங்கள்.” சொன்னபடியே நடங்கள். மறைத்துவிட்டுப் போய், ராத்திரிச் சாப்பாட்டில் அப்பா “நீங்க என்ன வேலை பார்க்கிறீங்க?” என்று கேட்கும்போது நண்பரின் முகம் போகும் போக்கைப் பார்க்காமல் இருப்பதே நல்லது.

இரண்டாவது கேள்வி வீட்டில் முன்னோரை வணங்கும் பூஜைப் பெட்டகத்தைப் பற்றியது. அதைத் தனியாகவே எழுதுகிறேன். மூன்றாவது சாப்பாடு. சைவம் என்றால் வெறுமனே “இறைச்சி சாப்பிட மாட்டேன்” என்பது போதாது. குழம்பு, சூப், வேகவைத்த காய் எல்லாவற்றிலும் காய்ந்த மீனிலிருந்து இறக்கிய தாஷி சாறு கலந்திருக்கும். மீன்சாறு சேரலாமா கூடாதா என்பதை முன்பே சொல்லிவிடுங்கள். அங்கே போய் ஒவ்வொரு கிண்ணத்தையும் முகர்ந்து பார்த்தால், மூன்று நாளாகச் சமைத்த அந்த அம்மாவுக்கு எப்படி இருக்கும்?

ரயில், பெட்டி, பரிசு

ஒபோன் கூட்டம் சாதாரணமானதல்ல. ஷின்கான்சென் அதிவேக ரயில் முன்பதிவு, பயண நாளுக்குச் சரியாக ஒரு மாதம் முன்பு காலை 10 மணிக்குத் தொடங்கும். 2023ஆம் ஆண்டு முடிவிலிருந்து ஒபோன், புத்தாண்டு, மே மாத விடுமுறை ஆகிய நெரிசல் நாட்களில் நொசோமி என்ற ஷின்கான்சென் ரயில்களில் எல்லா இருக்கைகளும் முன்பதிவுக்கு மட்டுமே. வசிப்பு அட்டையை எப்போதும் கையில் வைத்திருங்கள். சட்டப்படி அது உங்களிடம் இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு லட்சம் யென் வரை அபராதம் விதிக்க இடமிருக்கிறது. கிராமத்துப் போலீஸ்காரர் புது முகத்தைக் கண்டால் பேச்சுக் கொடுக்கலாம்.

ஓட்டை இல்லாத காலுறை நான்கைந்து ஜோடி எடுத்துக்கொள்ளுங்கள். சிரிக்காதீர்கள். நாளெல்லாம் செருப்பைக் கழற்றும் வீட்டில் உங்கள் காலுறையைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள்.

பரிசுக்கு ‘தெமியாகே’ என்று பெயர். இரண்டாயிரம், மூவாயிரம் யென்னுக்குள் ஒரு இனிப்புப் பெட்டி போதும். துண்டுகள் தனித்தனியாகச் சுற்றியிருக்க வேண்டும், சில நாள் கெடாமல் இருக்க வேண்டும். ஒபோன் சமயத்தில் அந்தப் பெட்டி முதலில் முன்னோர் பெட்டகத்தின் முன் போய் உட்காரும், பிறகுதான் பிரிப்பார்கள். நான்கு, ஒன்பது என்ற எண்ணிக்கை வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். நான்கு சாவையும் ஒன்பது துன்பத்தையும் ஒத்து ஒலிக்கும். கடையில் வாங்கும்போது பெட்டிக்குமேல் எந்த எழுத்துள்ள தாள் சுற்றட்டும் என்று கேட்பார்கள். ‘ஒசோனாயே’, அதாவது முன்னோருக்குப் படையல் என்று எழுதியதும் உண்டு. அதை விரும்பாவிட்டால் சாதாரணப் பரிசுத் தாளைக் கேட்டு வாங்குங்கள். விலை அட்டையை எடுத்துவிட்டார்களா என்று மட்டும் சரிபாருங்கள்.

பெட்டியில் வைக்கக் கூடாததும் ஒன்று உண்டு: சுவிசேஷக் கைப்பிரதிக் கட்டு. என் முதலாண்டில் ஒரு நண்பரின் ஊருக்குப் போய் இரண்டு நாள் தங்கினேன். நல்ல உபசரிப்பு. கிளம்பும் காலையில் படுக்கையை மடித்து, அதன்மேல் ஒரேயொரு கைப்பிரதியை, ஒரு பூப்படத்தோடு, அழகாக வைத்துவிட்டு வந்தேன். பெரிய காரியம் செய்துவிட்ட நினைப்பு எனக்கு. அதை எடுத்துப் பார்த்தது நண்பரின் பாட்டி. அன்று மாலையே வீட்டிலிருந்து நண்பருக்குத் தொலைபேசி: “அவர் இதுக்குத்தான் வந்தாரா?” நண்பர் என்னிடம் கோபிக்கவில்லை. ஆனால் அடுத்த ஒபோனுக்கு அவர் மட்டும் தனியாகப் போனார், திரும்பி வந்து எதுவும் சொல்லவும் இல்லை. அவர் கோபித்துக்கொண்டு நாலு வார்த்தை கேட்டிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

வாசலில்

கதவைத் தாண்டியதும் ஒரு படி தாழ்ந்த தரை இருக்கும், அதுதான் கென்கான். “ஒஜாமா ஷிமாஸ்” என்று சொல்லிக்கொண்டே உள்ளே போங்கள். தொந்தரவு கொடுக்கிறேன் என்று பொருள், மரியாதைக்குச் சொல்வது. அங்கே செருப்பைக் கழற்றி நேரே மேல்படியில் கால் வையுங்கள். கழற்றிய காலோடு தாழ்ந்த தரையை மிதித்துவிட்டு மேலே ஏறினால் தெருவையே வீட்டுக்குள் கொண்டுவந்ததாக அர்த்தம். அப்புறம் குனிந்து, செருப்பின் முனை வாசலைப் பார்க்கும்படி ஓரமாகத் திருப்பி வையுங்கள்.

உள்ளே கொடுக்கும் செருப்பைத் தாதாமி பாய் அறைக்கு முன்பே கழற்றிவிட வேண்டும். கழிப்பறைக்குத் தனிச் செருப்பு. அதைப் போட்டுக்கொண்டே கூடத்துக்கு வந்து நிற்காத வெளிநாட்டுக்காரர் இல்லை, நானும் நின்றிருக்கிறேன். பாயின் துணி ஓரத்தை மிதிக்காமல் நடங்கள். படமும் பூவும் வைத்த உள்ளடங்கிய மாடத்தில் பையை வைக்காதீர்கள். திண்டில் உட்காரச் சொல்லும்வரை அதன் பக்கத்தில் பாயிலேயே மண்டியிடுங்கள். பத்து நிமிடத்தில் கால் மரத்துப்போகும். “காலை நீட்டிக்கோங்க” என்று அப்பா சொல்வார், தயங்காமல் சப்பணம் போட்டுக்கொள்ளலாம்.

பரிசை வாசலில் நீட்டாமல், அறையில் உட்கார்ந்து வணங்கியபிறகு பையிலிருந்து வெளியே எடுத்து இரண்டு கையாலும் கொடுங்கள். நண்பரின் பெற்றோரை எப்படிக் கூப்பிடுவது என்ற கவலையே நமக்கு வேண்டாம். ஒகாசான், ஒதோசான், அதாவது அம்மா, அப்பா என்றுதான் அங்கேயும் சொல்வார்கள். தமிழ் நாக்குக்கு இது மிக இயல்பாக வரும்.

பெட்டகத்தின் முன்

இனி, எல்லோரும் கேட்கும் இடம். பரிசை வாங்கிய அம்மா எழுந்து அடுத்த அறைக்குப் போவார். அங்கே கறுப்பும் பொன்னுமாக ஒரு மரப் பெட்டகம். உள்ளே புத்தர் உருவமோ எழுத்துச் சுருளோ, இறந்தவர்களின் பெயர்ப் பலகைகள், தாத்தாவின் புகைப்படம், ஒரு கிண்ணம் சோறு, தண்ணீர். இதுதான் புட்சுதான். ஒபோன் நாட்களில் பக்கத்தில் விளக்குகள், பழங்கள். சில வீடுகளில் குச்சிகளைக் கால்களாகச் செருகிய வெள்ளரிக்காய்க் குதிரையும் கத்தரிக்காய்ப் பசுவும் இருக்கும். முன்னோர் குதிரையில் விரைந்து வந்து பசுவில் மெதுவாகத் திரும்பிப் போகட்டும் என்பது எண்ணம். அம்மா பரிசை அங்கே வைத்து, ஊதுவத்தி கொளுத்தி, சிறு வெண்கல மணியைத் தட்டிக் கைகூப்புவார். பிறகு திரும்பி உங்களைப் பார்ப்பார்.

அந்தப் பார்வைக்கு என்ன பதில் என்பதை அங்கே நின்று யோசிக்கக் கூடாது. ஒரு மாதம் முன்பே முடிவு செய்து, நண்பரிடம் சொல்லி, அவர் வழியாக அம்மாவுக்கும் சொல்லியிருக்க வேண்டும்.

இதில் சபைகளுக்குள் ஒரே கருத்து இல்லை. 1936இல் ரோமிலிருந்து வந்த அறிவுறுத்தல், பழைய மதப் பொருள் தேய்ந்து சமூக மரியாதையாக மாறிவிட்ட சடங்குகளில் ஜப்பானியக் கத்தோலிக்கர் பங்கெடுக்க இடம் கொடுத்தது. பெட்டகத்தின் முன் ஊதுவத்தி ஏற்றிவிட்டு இறந்தவருக்காகக் கிறிஸ்தவ ஜெபம் செய்யும் கத்தோலிக்கர்கள் உண்டு. சுவிசேஷ சபைகளில் பெரும்பாலோர் ஊதுவத்தியையும் கைகூப்புதலையும் வழிபாடு என்றே பார்க்கிறார்கள், தவிர்க்கச் சொல்கிறார்கள். ரிம்மோன் கோயிலில் இனிக் குனிய நேர்வதற்காக முன்கூட்டியே மன்னிப்புக் கேட்ட, பைபிளில் வரும் நாகமானை இரண்டு தரப்பும் துணைக்கு அழைக்கும். உங்கள் சபை, உங்களை அனுப்பிய அமைப்பு, உங்கள் மனசாட்சி மூன்றையும் கேட்டு முடிவெடுங்கள். உங்கள் நண்பர் புதிதாக விசுவாசத்துக்கு வந்தவர் என்றால் இன்னும் கவனம் தேவை. அவர் ஆண்டுதோறும் அந்த அறையில் தனியாக நிற்கிறார். நீங்கள் இரண்டு நாளில் செய்துவிட்டுப் போவதை வைத்து வீட்டார் அவரை இருபது ஆண்டு கேட்பார்கள்.

நான் ஊதுவத்தி ஏற்றுவதில்லை. அதற்காக அறைக்கு வெளியே நின்றுகொள்வதும் இல்லை, அது மிகவும் புண்படுத்தும். உள்ளே போய், பெட்டகத்துக்குச் சற்றுப் பக்கவாட்டில், அம்மா பக்கமாகத் திரும்பி மண்டியிடுவேன். “என் விசுவாசத்தின்படி நான் ஊதுவத்தி வைப்பதில்லை. ஆனால் இந்தக் குடும்பத்துக்காக என் ஆண்டவரிடம் மனதுக்குள் ஜெபிக்கலாமா?” என்று கேட்பேன். தலைகுனிந்து ஒரு நிமிடம், சத்தமில்லாமல். பிறகு அந்தப் புகைப்படத்தைக் காட்டி, “தாத்தா என்ன வேலை பார்த்தார்?” இந்தக் கேள்விக்கு ஒரு வீட்டில் எனக்கு ஒருமணி நேரம் பதில் கிடைத்தது. படகு, புயல், மூன்று பெண்பிள்ளைகளின் கல்யாணம், கடைசியில் குடித்தே கெட்ட கல்லீரல். பாட்டி நடுவில் எழுந்து போய்த் தாத்தாவின் மூக்குக்கண்ணாடியை எடுத்துவந்து என் கையில் கொடுத்தார். ஒரு பக்கக் காது மடிப்பில் நூல் சுற்றியிருந்தது. ஊதுவத்தி விஷயம் யாருக்கும் நினைவில்லை.

பூங்கொத்து கொண்டுபோவதும் நல்ல வழி. ஜப்பானியக் கிறிஸ்தவ இறுதிச் சடங்குகளில் ஊதுவத்திக்குப் பதில் பூ வைப்பது வழக்கம் என்பதால் அதன் பொருள் அவர்களுக்குப் புரியும்.

பெட்டகத்தை வெறும் விக்கிரகம் என்று மனதுக்குள் தள்ளிவிட்டு உட்காராதீர்கள். அதற்கும் நம் வரலாற்றுக்கும் தொடர்பு உண்டு. 1614இல் கிறிஸ்தவம் நாடெங்கும் தடைசெய்யப்பட்டது. அதன் பிறகு ஒவ்வொரு குடும்பமும் ஏதாவது ஒரு புத்த ஆலயத்தில் பெயரைப் பதிந்து, தாங்கள் கிறிஸ்தவர் அல்ல என்று சான்று வாங்க வேண்டியிருந்தது. குடும்பம், ஆலயம், கல்லறை, பெட்டகம் என்ற கட்டு இவ்வளவு இறுகியதில் அந்த இரண்டரை நூற்றாண்டுப் பதிவேட்டுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. “எங்க வீட்டு மதமா? மதமெல்லாம் ஒண்ணும் இல்லை” என்று சொல்லிக்கொண்டே அப்பா பெட்டகத்துக்குத் தினமும் சோறு வைப்பார். அவருக்கு அது தன் அப்பாவுக்கு வைக்கிற சோறு.

சாப்பாடும் குளியலும்

சாப்பிடத் தொடங்குமுன் எல்லோரும் “இதாதாகிமாஸ்” என்று சொல்லும்போது நீங்களும் சொல்லுங்கள், அந்த ஒரு மூச்சு நேரத்தில் மனதுக்குள் ஜெபித்துக்கொள்ளுங்கள். கண்ணை மூடி மூன்று நிமிடம் உரக்க ஜெபித்தால் சூப் ஆறும். வீட்டார் கேட்டுக்கொண்டால் மட்டும் சுருக்கமாக, ஜப்பானிய மொழியில் ஜெபியுங்கள்.

சோற்றில் குச்சியைச் செங்குத்தாகக் குத்தி வைக்கக் கூடாது, ஒருவர் குச்சியிலிருந்து இன்னொருவர் குச்சிக்கு உணவை மாற்றவும் கூடாது. முதலாவது இறந்தவருக்குச் சோறு படைக்கும் விதம், இரண்டாவது தகனத்துக்குப்பின் எலும்பை எடுக்கும் விதம். ஒபோன் அன்று இது இன்னும் உறுத்தும். மது குடிக்காதவர் என்றால் கோப்பையைக் கவிழ்த்து வைத்துப் பிரசங்கம் செய்ய வேண்டாம். “நான் குடிப்பதில்லை, தேநீர் போதும்” என்று சொல்லி, பாட்டிலை எடுத்து அப்பாவின் கோப்பையை நீங்கள் நிரப்பலாம். அதையும் மனசாட்சி தடுத்தால் தேநீரை ஊற்றுங்கள். அவருக்கு வேண்டியது ஊற்ற ஒரு கை.

குளியலில் விருந்தாளிக்குத்தான் முதல் முறை. தொட்டிக்கு வெளியே உட்கார்ந்து சோப்புப் போட்டு முழுக்கக் கழுவியபிறகு தொட்டியில் இறங்குங்கள். அதே தண்ணீரில்தான் வீட்டில் எல்லோரும் அடுத்தடுத்து இறங்குவார்கள். பழக்கத்தில் அடைப்பைப் பிடுங்கி விட்டுவிடாதீர்கள். காலையில் ஃபுடோன் மெத்தையை மூன்றாக மடித்து ஓரமாக வையுங்கள், மேலே எதையும் வைக்காமல்!

கல்லறை, நடனம், பதினைந்தாம் தேதி

கல்லறைக்குக் கூப்பிட்டால் போங்கள். அங்கே வேலை இருக்கும். களை பிடுங்குவது, வாளியில் தண்ணீர் சுமப்பது, கல்லைத் தேய்த்துக் கழுவுவது. இதில் எந்த மனசாட்சிச் சிக்கலும் இல்லை, வெயிலில் வயதான அப்பாவுக்குப் பேருதவி. ஊதுவத்தி நேரத்தில் இரண்டடி பின்னால் நில்லுங்கள்.

மாலையில் ஊர்த் திடலில் ஒபோன் நடனம். அதன் வேர் முன்னோர் வழிபாட்டில் இருந்தாலும் இன்று பல ஊர்களில் கோடைத் திருவிழாவாகிவிட்டது. ஆடுவதா, ஓரமாக நின்று குழந்தைகளோடு பனிக்கட்டி இனிப்பு சாப்பிடுவதா என்பது உங்கள் விருப்பம். எதைச் செய்தாலும், அந்த ஊருக்கு வந்த வெளிநாட்டவர் நீங்கள் ஒருவர் மட்டுமாக இருக்கலாம். மறுநாள் காலை கடைக்காரருக்கும் தெரிந்திருக்கும்.

ஆகஸ்ட் 15 இரண்டாம் உலகப் போர் முடிந்த நாள். வீட்டுத் தொலைக்காட்சியில் கோஷியென் மைதானத்துப் பள்ளிப் பேஸ்பால் ஓடிக்கொண்டிருக்கும். பகல் 12 மணிக்கு ஆட்டம் நின்று, வீரர்களும் கூட்டமும் ஒரு நிமிடம் தலைகுனிந்து நிற்பார்கள். சமையலறையிலிருந்து பாட்டியும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நிற்கலாம். பேச்சை நிறுத்தி நீங்களும் நில்லுங்கள்.

விசுவாசத்தைப் பற்றிக் கேட்டால்

கேட்பார்கள். பெரும்பாலும் இரண்டாம் நாள் இரவு, பாத்திரம் துடைக்கும்போது. “நீங்க ஏன் இவ்வளவு தூரம் வந்தீங்க?” அம்மா கேட்டது இந்த ஒரு கேள்விதான், ஆதியாகமம் தொடங்கி வெளிப்படுத்தல் வரை கேட்கவில்லை. ஐந்து வாக்கியத்தில் உங்கள் சொந்தக் கதையைச் சொல்லி நிறுத்துங்கள். அவர் அடுத்த கேள்வி கேட்டால் அடுத்த ஐந்து.

சொற்களில் எச்சரிக்கை வேண்டும். சவேரியார் செய்த தவறைச் சொல்கிறேன் என்றேனே. முத்துக்குளித்துறையில் விசுவாசப் பிரமாணத்தைச் சொல்லிக்கொடுக்கும்போது ‘விசுவசிக்கிறேன்’ என்று வரவேண்டிய இடத்தில் ‘வேணும்’ என்ற சொல் புகுந்திருந்தது. 1544இல் கடிதம் எழுதி அதைத் திருத்தினார். ஜப்பானில் அதைவிடப் பெரிய சறுக்கல். அஞ்சிரோவின் மொழிபெயர்ப்பை நம்பி, கடவுளுக்கு ‘தைனிச்சி’ என்ற சொல்லை வைத்தார். அது ஷிங்கோன் பௌத்தத்தின் மகா புத்தரின் பெயர்! பௌத்தத் துறவிகள் நம்ம ஆள்தான் என்று மகிழ்ந்துபோனார்கள். விஷயம் தெரிந்ததும் 1551இல் அதை விட்டுவிட்டு ‘தேயுஸ்’ என்ற லத்தீன் சொல்லையே பயன்படுத்தினார். ஆகவே உங்கள் ஐந்து வாக்கியத்தையும் ஊருக்குப் போகுமுன் சபையிலுள்ள ஜப்பானியர் ஒருவரிடம் சொல்லிப் பாருங்கள். இன்று கடவுளுக்குச் சொல்லும் ‘காமி’ என்ற சொல்லே ஊர்க்கோயிலின் ஆயிரம் தெய்வங்களுக்கும் பொது. ‘பாவம்’ என்பதற்கான ‘ட்சுமி’ கேட்பவர் காதில் குற்றம், ஜெயில் என்றே விழும். “நாம் எல்லோரும் பாவிகள்” என்று தொடங்கினால், நான் என்ன திருடினேன் என்று அப்பா விழிப்பார்.

வயதானவர்கள் ஊர்ப் பேச்சில் பேசுவார்கள். மொழிப் பள்ளியில் படித்தது அரைகுறையாகத்தான் உதவும். புரியாததற்குத் தலையாட்டாதீர்கள், நண்பரைக் கேளுங்கள். கேட்கக் கேட்கப் பாட்டிக்கு உற்சாகம் கூடும்.

யாரும் ஒன்றும் கேட்கவில்லையா? சரி, விடுங்கள். பயணம் வீண் என்று ரயிலில் புலம்பாதீர்கள், பக்கத்து இருக்கையில் நண்பர் இருக்கிறார்.

கிளம்பும்போதும் அப்புறமும்

சொன்ன நாளில் கிளம்பிவிடுங்கள். “இன்னும் ஒருநாள் இருங்களேன்” என்பதற்கு நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புவதே முறை. ஊருக்கு வந்து சேர்ந்த இரவே நண்பர் வழியாக ஒரு செய்தி, ஒரு வாரத்துக்குள் கையால் எழுதிய நன்றிக் கடிதம். எழுத்து கோணலாக இருந்தாலும் பரவாயில்லை, சொந்தக் கையாக இருக்கட்டும். எடுத்த படங்களை அச்சிட்டு உள்ளே வையுங்கள்.

அந்தப் படங்கள் ஜெபக்கடிதத்துக்குப் போகக் கூடாது. அந்தக் குடும்பம் தன் வீட்டுக்குள் விருந்தாளியை விட்டது, கேமராவை விடவில்லை. முகம், ஊர்ப் பெயர், பெட்டகம், “இருளில் வாழும் குடும்பம்” என்ற வரி எதுவும் வேண்டாம். ஜெபக்கடிதங்கள் இப்போது வாட்ஸ்அப்பில் சுற்றுகின்றன, மொழிபெயர்ப்புக் கருவி எல்லோர் கையிலும் இருக்கிறது. ஆதரவாளர்களுக்கு எழுதியே ஆகவேண்டுமென்றால், நண்பருக்கு அவர் மொழியில் படித்துக்காட்டி அவர் சரி என்ற வரிகளை மட்டும் அனுப்புங்கள்.

டிசம்பரில் புத்தாண்டு அஞ்சலட்டை எழுதுங்கள். 25ஆம் தேதிக்குள் தபாலில் சேர்த்தால் ஜனவரி 1 அன்று போய்ச் சேரும். அதற்கு முன்பே அவர்களிடமிருந்து துக்க அறிவிப்பு அட்டை வந்திருந்தால் வாழ்த்து அனுப்பக் கூடாது, ஆறுதலாக நாலு வரி எழுதுங்கள்.

போகும்போது பெட்டியில் கொஞ்சம் இடம் விட்டு வையுங்கள். வாசலில் அம்மா உப்பில் போட்ட பிளம், தோட்டத்துக் கத்தரிக்காய், செய்தித்தாளில் சுற்றிய ஐந்து கிலோ அரிசி என்று கொண்டுவந்து நீட்டுவார். ஒருமுறை வேண்டாம் என்று சொல்லலாம், இரண்டாம் முறை வாங்கிக்கொள்ள வேண்டும். கார் தெருமுனையில் திரும்பும்வரை அவர்கள் வாசலில் நின்று கையசைத்துக்கொண்டே இருப்பார்கள். கைபேசியை எடுத்துவிடாதீர்கள், திரும்பிப் பார்த்துக்கொண்டே இருங்கள்.